மாதக் கணக்கா? இலைக் கணக்கா?

வீடு கட்டுவோன் முதலில் நிலத்தைப் பார்க்கிறான். அதன் பின்னரே கதவின் வேலைப்பாட்டைப் பற்றி எண்ணுகிறான். கணிப்பொறி உலகில் இம்முறை தலைகீழாகி வருகிறது. எது புதியது என்று முதலில் கேட்கிறோம். நமக்கு எது வேண்டும் என்பதைப் பிறகு கேட்கிறோம். செலவு எவ்வளவு என்பதையோ பட்டியல் கைக்கு வந்த பின்னரே கேட்கிறோம். இவ்வரிசையை மாற்றியமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது துறை இதுகாறும் வெளியிட்ட மலர்கள் ஏறத்தாழ ஐம்பது. அவற்றுள் பல, தாள் பழுத்து, தொட்டால் உதிரும் நிலையில் உள்ளன. சில மலர்களுக்கு ஒரேயொரு படியே எஞ்சியிருக்கிறது. அவற்றைப் படமெடுத்து, எவரும் எங்கிருந்தும் தேடிப் படிக்கும் வண்ணம் இணையத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். 6,000 பக்கங்கள், பக்கத்திற்கு 3 எம்பி எனக் கொண்டால் மொத்தம் 18 ஜிபி. இதனை எங்கே வைப்பது என்று ஆராயக் கூடிய கூட்டத்தில் மாணவர்கள் ஒரே குரலில் ‘சர்வர்லெஸ்’ என்றனர். கல்லூரிக்குக் கொடை வழங்கிவரும் பெரியவர் ஒருவர், “மாதம் எவ்வளவு ஆகும் தம்பி?” என்று வினவினார். “அது பயன்பாட்டைப் பொறுத்தது, ஹாஜியார்” என்றான் மாணவன். “பொறுத்தது என்று வரவு செலவுப் புத்தகத்தில் எழுத முடியாதே!” என்றார் அவர்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆயின் அப்பெரியவர் கேட்டது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வி அன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

இரு வழிகள்

‘கிளவுட்’ என்று வழங்கப்பெறுவது மேகமும் அன்று, மாயமும் அன்று. வேறொருவருக்குச் சொந்தமான பெருங்கூடத்தில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள கணிப்பொறிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறுவதே அது. அவ்வாடகை இருவகைப்படும்.

முதல்வகை, எளிய கிளவுட் சர்வர். ஒரு பெரிய கணிப்பொறியை மென்பொருளால் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை நமக்கென ஒதுக்கித் தருகின்றனர். அதில் இயக்க முறைமை இருக்கும். வலைத்தளத்தையும் தரவுத்தளத்தையும் நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய ‘இசி2’ இவ்வகையைப் பரவலாக்கியது. டிஜிட்டல் ஓஷன் போன்ற நிறுவனங்கள் மாதத்திற்கு இவ்வளவு என்ற ஒரே தொகையில் இதனைத் தருகின்றன.

இரண்டாம் வகையே சர்வர்லெஸ். பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. சர்வர் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனைப் பேணும் பொறுப்பு நமக்கில்லை, அவ்வளவே. நாம் ஒரு சிறு நிரலை மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். யாரேனும் அழைக்கும்போது அது விழித்தெழுந்து, வேலையை முடித்து, மீண்டும் உறங்குகிறது. ஓடிய நேரத்திற்கு மட்டும் கட்டணம். 2014 நவம்பரில் அமேசான் அறிவித்த ‘லாம்டா’ இவ்வழியைப் பெருவழியாக்கியது. தொடக்கத்தில் நூறு மில்லி விநாடிக்கு ஒரு கணக்கு என்றிருந்தது, 2020 டிசம்பர் முதல் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு கணக்கு என நுணுகியது.

விடுதியில் தங்கிப் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மாதத்திற்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் உணவுக்கூடத்தில், ஒருவேளை உண்ணாவிடினும் கட்டணம் குறைவதில்லை. மறுசோறு கேட்டாலும் கூடுவதில்லை. கடைத்தெரு உணவகத்திலோ இலைக்கு இவ்வளவு என்று கணக்கு. உண்ணாத நாளில் செலவில்லை. உறவினர் இருபது பேர் வந்துவிட்டால் இருபது இலைக்கும் நாமே பொறுப்பு. எளிய சர்வர் மாதக் கணக்கு. சர்வர்லெஸ் இலைக் கணக்கு.

இலைக் கணக்கின் சிறப்பு

இலைக் கணக்கின் சிறப்பைக் குறைத்துரைப்பது நேர்மையாகாது. லாம்டாவில் மாதந்தோறும் முதல் 10 இலட்சம் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை. அதற்குமேல் 10 இலட்சத்திற்கு 20 சென்ட். நினைவகத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவில் 4 இலட்சம் ஜிபி விநாடிகள் இலவசம். 128 எம்பி நினைவகத்தில் பத்தில் ஒரு விநாடி ஓடும் சிறு நிரலை மாதம் 1 கோடி முறை அழைத்தாலும், நேரக் கணக்கு 1,25,000 ஜிபி விநாடிகளே ஆகும். அஃது இலவச எல்லைக்குள் அடங்கிவிடும். அழைப்புக் கட்டணம் 1 டாலர் 80 சென்ட் மட்டுமே. இதைவிட மலிவு வேறு எங்கே கிடைக்கும்?

திடீரெனப் பெருகும் கூட்டத்தைத் தாங்குவதிலும் இதற்கு ஈடில்லை. தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வினை ஆண்டுதோறும் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். முடிவு வெளியாகும் காலையில் மாணவர், பெற்றோர், உற்றார், ஆசிரியர் அனைவரும் ஒரே மணி நேரத்தில் கதவைத் தட்டுகின்றனர். அடுத்த வாரம் அக்கதவருகே ஆளே இருப்பதில்லை. ஆண்டில் ஒருநாள் கூடும் கூட்டத்திற்காக ஆண்டு முழுதும் பெரும் சர்வர்களை வாடகைக்கு வைத்திருப்பது, ஒருநாள் திருமணத்திற்காக மண்டபத்தையே விலைக்கு வாங்குவதை ஒக்கும். இத்தகைய பணிக்கு இலைக் கணக்கே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

பட்டியலில் வந்து சேரும் துணைவர்கள்

எனினும், சிறு நிரல் தனியே வாழ்வதில்லை. அஃது உறங்கி எழும்போது பழைய நினைவு இருக்குமென நம்புவதற்கில்லை. ஆதலின் தரவுத்தளம் வெளியே வேண்டும். படங்களை வைக்கக் களஞ்சியம் வேண்டும். அழைப்புகளைப் பெற்று அனுப்பும் வாயில் ஒன்றையும் பெரும்பாலோர் வைக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர்.

மேற்கண்ட 1 கோடி அழைப்பையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அமேசானின் எளிய வகை வாயிலுக்கு 10 இலட்சம் அழைப்புக்கு 1 டாலர் வீதம் 10 டாலர் ஆகிறது. வேலை செய்தவனின் கூலி 1 டாலர் 80 சென்ட். வாயிற்காவலனின் கூலி அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்! அவ்வாயிலைத் தவிர்த்து நிரலுக்கே நேரடி முகவரி அமைக்கும் வழி 2022 முதல் உண்டு. ஆயின் அதனை அறிந்து தேர்ந்தெடுப்பதும் ஒரு கல்வியே. ‘நிரல் மலிவு’ என்பது உண்மை. ‘ஆகவே மொத்தமும் மலிவு’ என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று.

வேறு சில எல்லைகளும் உள. லாம்டா நிரல் ஒருமுறை 15 நிமிடங்களுக்கு மேல் ஓட இயலாது. உறங்கிக் கிடந்த நிரல் முதன்முறை விழிக்கையில் நூறு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் முதல் ஒரு விநாடிக்கு மேலும் தாமதம் நேரலாம். மேலும், ஒரு நிறுவனத்தின் களஞ்சியம், வரிசை, தூண்டல் ஆகியவற்றோடு பின்னி எழுதிய நிரலைப் பிறிதொரு நிறுவனத்திற்குக் கொண்டுசெல்லும்போது, வீடு மாற்றுவது போலன்றி வீட்டை இடித்துக் கட்டுவது போன்ற உழைப்பு தேவைப்படுகிறது.

இவற்றினும் பெரிது, எல்லையில்லாத பட்டியல் பற்றிய அச்சம். எம் மாணவர் ஒருவர், படமெடுத்த பக்கங்களைச் சுருக்கும் நிரல் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதினார். களஞ்சியத்தில் புதுப்படம் வந்தால் நிரல் விழிக்க வேண்டும். படத்தைச் சுருக்கிச் சேமிக்க வேண்டும். சுருக்கிய படத்தையும் அதே களஞ்சியத்திலேயே சேமித்துவிட்டார். அதுவும் புதுப்படம்தானே! நிரல் தன்னைத் தானே மீண்டும் மீண்டும் எழுப்பிக்கொண்டு இரவெல்லாம் ஓடியது. விடிந்தபோது வந்து நின்ற தொகை, அவரது விடுதிக் கட்டணத்தை விஞ்சியிருந்தது. மன்றாடிக் கேட்டபின் அது தள்ளுபடி செய்யப்பட்டது. அஃது அவர்களது பெருந்தன்மை. அதை நம்பி வரவு செலவுத் திட்டம் தீட்ட இயலாது. இத்தகைய சுழற்சியைக் கண்டறிந்து நிறுத்தும் ஏற்பாடு இப்போது சில நிறுவனங்களில் வந்துள்ளது. ஒரே வேளையில் எத்தனை பிரதிகள் ஓடலாம் என வரம்பிடவும் முடியும். ஆயினும் வரம்பிட வேண்டுமென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதே பிழையை மாதக் கணக்குச் சர்வரில் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? சர்வர் திணறி நின்றிருக்கும். காலையில் மறுபடி இயக்கியிருப்போம். கட்டணம் ஒரு காசும் ஏறியிராது.

பசியில்லாத விருந்தினர்

நம் பிழை மட்டுமன்று, பிறர் வருகையும் பட்டியலை ஏற்றும். மாதம் 1,000 வாசகர் வந்து ஆளுக்குப் பத்துப் பக்கம் புரட்டினால், வெளியே செல்லும் தரவு 30 ஜிபி மட்டுமே. அஃது எவ்வழியிலும் பெருஞ்செலவன்று. ஆயின் இன்று இணையத்தில் உலவுவோர் அனைவரும் மனிதரல்லர். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி திரட்டும் தானியங்கி நிரல்கள் தளந்தோறும் புகுந்து, உள்ளதனைத்தையும் அள்ளிச் செல்கின்றன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம், பல்லூடகக் கோப்புகளின் பதிவிறக்கத்திற்குச் செலவாகும் அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து 50 விழுக்காடு உயர்ந்துவிட்டதாகவும், அவ்வுயர்வுக்கு இத்தானியங்கிகளே பெருங்காரணம் என்றும் 2025 ஏப்ரலில் வெளிப்படையாகக் கூறியது.

அத்தகைய நிரல்கள் நம் 18 ஜிபியை மாதத்தில் ஐம்பத்தைந்து முறை அள்ளினால் ஏறத்தாழ 1,000 ஜிபி ஆகிவிடும். அமேசானின் அமெரிக்கக் கூடங்களில் முதல் 100 ஜிபி இலவசம். பின்னர் ஜிபிக்கு 9 சென்ட். எஞ்சிய 900 ஜிபிக்கு 81 டாலர். டிஜிட்டல் ஓஷனில் 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும் கொண்ட சர்வரின் மாத வாடகை 6 டாலர். அதிலேயே 1,000 ஜிபி வெளிச்செலவு அடங்கியுள்ளது. மிகுந்தால் ஜிபிக்கு 1 சென்ட். இவ்வேறுபாடு சர்வர்லெஸ் என்னும் முறையின் குற்றமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அமேசானின் ‘இசி2’ வகையில் முழு சர்வரை எடுத்தாலும் வெளிச்செலவுக்கு அதே மீட்டர்தான். எல்லாவற்றையும் தனித்தனியே அளக்கும் முறைக்கும், சேர்த்துக் கட்டித் தரும் முறைக்கும் உள்ள வேறுபாடு இது. நம் பெரியவர் கேட்டதும் இதைத்தான்.

ஒரு பெரிய நிறுவனம் கற்ற பாடம்

‘சிறியோர்க்கே இச்சிக்கல், பெரியோர்க்கு இல்லை’ என்பாரும் உளர். அமேசானின் சொந்தப் பிரிவாகிய பிரைம் வீடியோவில், ஒளிபரப்பின் படமும் ஒலியும் பழுதின்றிச் செல்கின்றனவா எனக் கண்காணிக்கும் குழு ஒன்று தன் கருவியை முதலில் சர்வர்லெஸ் முறையில் அமைத்தது. விரைவில் உருவாக்க முடிந்தது. ஆயின் எதிர்பார்த்த சுமையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டிலேயே அது முட்டி நின்றது. ஒளிபரப்பின் ஒவ்வொரு விநாடிக்கும் பல படிநிலை மாற்றங்கள். ஒவ்வொரு மாற்றத்திற்கும் கட்டணம். ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குப் படச்சட்டங்களை அனுப்பக் களஞ்சியத்தில் வைத்து எடுப்பதற்கும் கட்டணம். முடிவில் அனைத்தையும் ஒரே நிரலாக்கி, எப்போதும் ஓடும் சர்வர்களில் வைத்தனர். செலவு 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததென்று 2023இல் அவர்களே எழுதினர்.

இது பிரைம் வீடியோ முழுமையின் கதையன்று. ஒரு குழுவினது ஒரு கருவியின் கதை. ‘சர்வர்லெஸ் தோற்றது’ என்று இதிலிருந்து முழங்குவது அறியாமை. ஓயாது ஓடும் வேலைக்கு இலைக் கணக்குப் பொருந்தாது என்பதே இதன் பாடம். மூன்று வேளையும் உண்பவன் கடைத்தெருவில் இலைக்குக் காசு கொடுத்து உண்டால் கடனாளியாவான். திங்களுக்கு ஒருமுறை வருபவன் மாதக் கட்டணம் செலுத்தினால் ஏமாளியாவான். தவறு உணவகத்தில் இல்லை. உண்பவனின் கணக்கில் இருக்கிறது.

சர்வர் வைத்திருப்போரின் கடமை

எளிய சர்வரைப் போற்றும் நாம் அதன் சுமையை மறைத்தல் ஆகாது. வாடகை வீடாயினும் பூட்டும் சாவியும் குடியிருப்போன் பொறுப்பு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை, உலகெங்கும் உள்ள சர்வர்களின் நினைவகத்திலிருந்து மறைபொருள்களைக் களவாட வழிவிட்டது. உடனே திருத்தியோர் தப்பினர். உபுண்டு 20.04 என்னும் இயக்க முறைமைப் பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025இல் முடிவுற்றது. அதனை மாற்றாமல் வைத்திருப்பது, பழுதான பூட்டை நம்பி ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

கல்லூரியில் இக்கடமை மேலும் அரிது. ஆர்வமுள்ள மாணவர் மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் செல்கிறார்; அவர் நிறுவிய சர்வர் அநாதையாகிறது. இப்பேணுதலை வழங்குவோரே ஏற்கும் சர்வர்லெஸ் முறை இங்கே உண்மையான துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அங்கும் முழு ஓய்வு கிடைப்பதில்லை. 2021 டிசம்பரில் உலகை உலுக்கிய ‘லாக்4ஜே’ ஓட்டை, நிரலுக்குள் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நூலகத்தில் இருந்தது; அத்தகையவற்றைத் திருத்துவது நம் பொறுப்பே. பைத்தான் 3.8 பதிப்பிற்கான ஆதரவை லாம்டா 2024 அக்டோபரில் நிறுத்தியபோது, அதில் எழுதியோர் நிரலைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. எழுதிவைத்து மறந்துவிடலாம் என்ற வாக்குறுதியை எவ்வழியும் தருவதில்லை.

இரு வழிக்கும் பொதுவான பேரிடர் மற்றொன்று உண்டு. எமது துறையின் முந்தைய வலைத்தளம் ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்த வங்கி அட்டையிலும் பதிவாகியிருந்தது. அவர் படிப்பை முடித்து வளைகுடா நாடு சென்றார், அட்டை காலாவதியாயிற்று, நினைவூட்டல்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டிக்குச் சென்றன. தளம் மறைந்தது, அதிலிருந்த கட்டுரைகளும் மறைந்தன. அம்மாணவர் மீது குற்றமில்லை. அவர் தம் பணத்தையும் உழைப்பையும் கொடுத்தவர். சாவியை வாங்கி வைக்காத நம்மீதே குற்றம்.

நமது முடிவு

இவையனைத்தையும் சீர்தூக்கி எமது துறை செய்துள்ள முடிவை ஈண்டு உரைப்போம். மலர்கள் மாதம் 6 டாலர் வாடகையுள்ள ஓர் எளிய சர்வரில் வைக்கப்படும். 18 ஜிபி அதன் வட்டில் அடங்கும். ஆண்டுக்கு 72 டாலர், அத்துடன் வரியும் காப்புப்படிக்கான செலவும் என்று புத்தகத்தில் முன்கூட்டியே எழுதலாம். படங்களின் காப்புப்படி வேறோர் இடத்திலும், கல்லூரி நூலகத்தில் ஒரு வட்டிலும் இருக்கும். மாணவர் விரும்பிய சர்வர்லெஸ் முறையையும் விலக்கவில்லை. இலக்கியப் போட்டி முடிவுகளை வெளியிடும் அந்த ஒருநாள் பணியை, வரம்பிட்ட சிறு நிரலாக அவர்களே அமைப்பார்கள். அவ்வேலையின் இயல்பு அதுவே.

இம்முடிவு அனைவர்க்கும் பொருந்தும் என்று நாம் கூறவில்லை. நாள்தோறும் சீராக ஓடும் வேலையும், அளவான நிதியும் உடையோர்க்கு மாதக் கணக்கே முதல் வழி. எப்போதோ ஒருமுறை எழும் வேலைக்கும், திடீரெனப் பெருகும் கூட்டத்திற்கும் இலைக் கணக்கு துணைவழி. சர்வரைப் பேண ஓர் ஆளும் இல்லையெனில், சர்வர் எடுப்பதைத் தள்ளி வைத்து, வெறும் பக்கங்களாகத் தளத்தை அமைப்பதே மேல். புதுமை என்னும் சொல் இக்கணக்கில் எவ்விடத்தும் வருவதில்லை என்பதைக் கருதுக.

மாணவர்களுக்கு ஒரு சொல். எளிய சர்வர் ஒன்றை நிறுவி, பூட்டி, பழுது நீக்கிப் பழகுங்கள். அடித்தளத்தில் நிகழ்வதை அறிந்தவன் சர்வர்லெஸ் முறையையும் திறம்பட ஆள்வான். அறியாதவனை அது ஆளும். ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். பராமரிப்பு முறையை ஒரு தாளில் எழுதி, ஆண்டுதோறும் விடைபெறும் மாணவர் புதிய மாணவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் உருவாகட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “மாதம் எவ்வளவு ஆகும்?” என்று தயங்காது கேளுங்கள். அத்துடன், “மிக அதிகமாகப் போனால் எவ்வளவு ஆகும்? இந்தத் தம்பி போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்?” என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே பணம் கொடுங்கள். பிறர் கொடையில் வாழும் நிறுவனம் ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது. ஐம்பது மலர்களில் எழுதியோரின் உழைப்புக்கும் அவ்வாறே கடமைப்பட்டது. உதிரும் தாளிலிருந்து காப்பாற்றிய எழுத்து, கட்டப்படாத பட்டியலால் மறைந்துவிடல் ஆகாது.